தொடக்கூடாத முன் பிறேக்

ஆயுத பூசைக்கு அடுத்த நாள் காலை. என் மோட்டார் சைக்கிளின் கழுத்தில் போட்ட பூமாலை இன்னும் வாடவில்லை. முன் விளக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட பெண்ணைப்போல் அது மினுங்கிக்கொண்டிருந்தது.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவை நெருங்கிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறாத நேரம். காப்பெற் போட்ட தார் வீதி, எதிரே வாகனம் இல்லை; வீட்டிலிருந்து அதுவரை பிறேக்கைத் தொட வேண்டியே வரவில்லை. பின் காரியரில் நைதரசன் கான் இறுக்கிக் கட்டியிருந்தது.

இடப்பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து ஒரு மாட்டுப் பட்டி வீதியில் ஏறியது. இது தினமும் நடப்பதுதான். நான் வழக்கம்போல் இரண்டு விரல்களால் முன் பிறேக்கை அழுத்தினேன். பிடி இறுகியது. சைக்கிள் மட்டும் நிற்கவில்லை.

இன்னும் இறுக்கினேன். கல்லைப் பிடித்ததுபோல் பிடி அசையாமல் இருந்தது. முன் சில்லோ யாருக்கோ நடக்கிற கதை என்று உருண்டுகொண்டே போனது.

பயத்தில் காலால் பின் பிறேக்கை மிதித்தேன். பின் சில்லு இறுகி, கானின் பாரத்தோடு பக்கவாட்டில் வீசியது. ஒரு பெரிய நாம்பன் மாட்டின் வயிறு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைத் தவிர்த்துக் கைப்பிடியைத் திருப்பியதுதான் தெரியும். அடுத்த நிமிடம் விடத்தல் பற்றைக்குள் கிடந்தேன். நாம்பன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தது.

முழங்கை உரசி இரத்தம். வலப்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. கான் தப்பிவிட்டது. முள்ளைப் பிடுங்கிக்கொண்டு எழும்பும்போது எனக்கு நோவைவிட ஒரு நினைப்புத்தான் பெரிதாக வந்தது: போச்சு, இனி என்னைக் கதிரையில் இருத்திவிடுவார்கள்.

புகைக் கான் மிஸ்

இந்தத் தொடரை இடையில் கையில் எடுப்பவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சினைக்கு வந்த மாடுகளுக்கு வீடு வீடாகப் போய்ச் சினை ஊசி போடுவது என் தொழில். ஊசிக்கான விந்தை உறைநிலையில் வைத்திருக்க நைதரசன் கான். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வரும். அதனால் தர்மபுரம் பக்கத்தில் நான் புகைக் கான் மிஸ். என் சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் எங்கள் கால்நடை அலுவலகத்தில், கந்தோரில்தான் இருக்கிறார்கள்.

மாடு சினைக்கு வந்தால் காத்துக்கொண்டிருக்காது. தொலைபேசி வந்தால் அந்த அரை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே கந்தோர் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தந்திருந்தது. முன் சில்லுக்கு டிஸ்க் பிறேக், பின் சில்லுக்கு டிரம்.

எனக்கு இந்த வேலை என்றால் உயிர். வாய்க்கால் கரையால் போகும்போது ஒரு கன்று துள்ளுகிறதைக் கண்டால், "நீ என்னால வந்தவனடா" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இந்தச் சந்தோசத்தை எந்தக் கதிரையும் தராது.

நிற்கத்தானே கால் இருக்கு

என் கணவர் வயல்காரர். பெயர் சிவநேசன். நான் "இவர்" என்றே எழுதிப் பழகிவிட்டேன். இவரின் பெற்றோரும் என் பெற்றோரும் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக்குக் கீழே வயல்காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர்கள். சொல்வழி கேட்காததில் இரண்டு வீட்டாரும் ஒரே மாதிரி.

இவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதன் முன் பிறேக் பிடியை அமர்த்தினால் ஒன்றும் நடக்காது. கேபிள் இல்லை. பல வருடங்களாக இல்லை.

அதற்கு ஒரு கதை உண்டு. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். ஏதாவது ஒரு பாகம் பழுதானால் புதிதாக வாங்குவது என்பது கனவு. கிளச் கேபிள் அறுந்துவிட்டால் பலர் முன் பிறேக்கின் கேபிளைக் கழற்றி, வெட்டித் தட்டிச் சரிக்கட்டி, கிளச்சுக்குப் போட்டார்கள். ஓடுவதற்குக் கிளச் வேண்டும், நிற்பதற்குத்தானே கால் இருக்கிறது என்பது அந்த நாளைய நியாயம்.

கிரவல் வீதி, குண்டும் குழியும். துள்ளித் துள்ளிப் போகிற வேகத்தில் அது போதுமாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, கிரவலில் முன் பிறேக்கைப் படக்கென்று பிடித்தவன் விழுந்தான். ஆகவே முன் பிறேக் என்பது தொடக்கூடாத சாமான் ஆகிவிட்டது. ஒரு தலைமுறை முழுக்க முன் பிறேக் இல்லாமலே ஓடப் பழகியது.

மூத்தவள் என் வயிற்றில் இருந்தபோது இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில் எனக்கு நோ கண்டது. இவர் அந்தச் சைக்கிளில்தான் என்னை ஏற்றினார். மழை. சேற்றுக்குள் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி, ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளை பிறந்தது. கிளச் கேபிள் மட்டும் அன்றைக்கு அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைப்பதில்லை. நினைக்கப் பயம்.

பிறகு எல்லாம் மாறியது. வீதி காப்பெற் ஆனது. கடையில் கேபிள் தொங்கியது. இவர் கிளச் கேபிளை மட்டும் மூன்று தரமோ நான்கு தரமோ புதிதாக வாங்கிப் போட்டார். முன் பிறேக்குக்கு வாங்கவில்லை.

கேட்டால், "முன் பிறேக் இல்லாமல்தானே நாங்கள் உயிரோட வந்தனாங்கள்" என்பார்.

அந்தச் சைக்கிளில் வந்த உயிரில் என்னுடையதும் ஒன்று.

முதல் விழுகை

எனக்கும் ஓடப் பழக்கியவர் இவர்தான். "முன் பிறேக்கைத் தொடாதை." இதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும் இதுதான். நானும் நெடுங்காலம் பின் பிறேக்கில் மட்டும் ஓடினேன்.

ஒருநாள் பள்ளிக்கூட வளைவில் பின் பிறேக்கை மிதித்தேன். பின் சில்லு வழுக்கி, கானோடு நானும் வீதியில் கிடந்தேன். முழங்கால் தோல் பெயர்ந்துவிட்டது. எங்கள் கால்நடை வைத்தியர் ஒரு பெண்மணி. அதட்டிப் பேசமாட்டா, அதனால்தான் அவாவுக்கு எல்லோரும் பயம். என்னைக் கூப்பிட்டா.

"நான் உங்களை ஏச இல்லை. ஆனால் இன்னொருக்கா விழுந்தீங்கள் எண்டால் சைக்கிளை ஒப்படைச்சுப்போட்டு உள்ளுக்கு இருங்கோ. பதிவு வேலைக்கு ஆள் தேவையாத்தான் கிடக்கு."

இவருக்கோ அது நல்ல செய்தி. ஒரு சாமத்தியச் சடங்கில் வைத்தியரைக் கண்டபோது, "அவவைக் கந்தோருக்குள்ளேயே எடுங்கோ டொக்டர், எனக்கு நிம்மதி" என்று சொல்லியும் விட்டார். வீட்டுக்கு வந்து நான் சண்டை பிடித்தேன். மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் நேரே கிளிநொச்சிக்குப் போனேன்.

கணேசன் எடுத்து வைத்த மூன்று சோடி

கணேசன் உதிரிப்பாகக் கடையும் திருத்துமிடமும் சேர்த்து வைத்திருக்கிறான். மலையகத்திலிருந்து சின்ன வயதில் வந்தவன். இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. நான் கேள்வி கேட்டால் சிரிக்கமாட்டான். அதற்காகவே நான் அவனிடம் போவேன்.

முன் சில்லைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தான். "அக்கா, இதுல பாட் தேயவே இல்ல. நீங்க பிடிக்கவே இல்லையே. கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. இத வச்சிட்டு எப்பிடி நிக்கும்?"

மேசையில் மூன்று சோடி பாட், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கட்டைகள், எடுத்து வைத்தான். ஒன்று மெத்தென்ற வகை. சத்தம் போடாது, டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் எங்கள் செம்மண் தூசிக்குக் கெதியில் தேயும், கானையும் சுமந்து திரும்பத் திரும்பப் பிடித்தால் சூடேறிப் பிடி தளரும். மற்றது முழுக்க உலோகத்தூளை அழுத்திச் செய்தது. மழையோ தூசியோ எதற்கும் அசையாது.

"அப்ப இதையே போடன்" என்றேன். எனக்கு எப்போதும் பெரியதுதான் வேண்டும்.

"வேணாங்க்கா. ஒங்க வண்டி டிஸ்க் மெல்லிசு. இது பாட் தேயாம டிஸ்க்கத் தேச்சிரும். பாட்ட மாத்துறது லேசு, டிஸ்க்க மாத்துறது லேசில்ல."

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் உள்ளது. கொஞ்சம் உலோகம் கலந்தது. அதைத்தான் போட்டோம். விலையைப் பார்த்தோ பெட்டியின் படத்தைப் பார்த்தோ பாட் எடுக்கிற ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் வீதியைப் பாருங்கள், உங்கள் டிஸ்க்கைப் பாருங்கள், நீங்கள் ஏற்றும் பாரத்தைப் பாருங்கள். பிறகு பெட்டியைப் பாருங்கள்.

பாட்டோடு விடயம் முடியவில்லை. பாட்டைப் பிடித்து நகர்த்தும் ஊசிகள் செம்மண் ஏறி ஒட்டிக்கிடந்தன. அவற்றைத் துடைத்துக் கிறீஸ் வைத்தான். பிறேக் ஒயில் வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. அதை வெளியே ஊற்றிவிட்டுப் புதிது விட்டான். முன் ரயரில் காற்று அளவுக்கு மிஞ்சி இருந்தது, குறைத்தான். முன் சில்லைத் தாங்கும் கவர்க்காலின் ஒயிலையும் மாற்றினான். இல்லாவிட்டால் பிறேக் பிடித்தவுடன் சைக்கிள் முகம் குத்திக்கொண்டு இறங்குமாம்.

புதுப் பாட்டைக் கொண்டுபோய் அந்த நிமிடமே நம்பக்கூடாது. டிஸ்க்கோடு அது பழக வேண்டும். தர்மபுரத்து நேர்வீதியில் கொஞ்சம் வேகம் எடுப்பேன், மெல்ல மெல்ல அழுத்தி நடைவேகத்துக்குக் கொண்டுவருவேன். முழுதாக நிறுத்தாமல் திரும்பவும் வேகம். இப்படி இருபது முப்பது தரம். உழவு இயந்திரத்தில் போன ஒருவர், "என்ன மிஸ், பெற்றோல் முடிஞ்சுபோச்சோ?" என்று கேட்டார். இரண்டாம் தரம் கண்டபோது கேட்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தார்.

கறக்கிற கை

முன் பிறேக்கை எப்படிப் பிடிப்பது என்பதைச் சொல்லித்தர எனக்கு ஒருவரும் இல்லை. நானாகவே கண்டுபிடித்தேன். அதுவும் மாட்டிடம்தான்.

பால் கறக்கும்போது முலையைப் பறிக்கிறதுபோல் இழுத்தால் மாடு உதைக்கும். முதலில் மெல்ல அழுத்த வேண்டும். மாடு இளகும். பிறகு உறுதியாக அழுத்தலாம். முன் பிறேக்கும் அதேதான். முதல் அழுத்தத்தில் பாரம் முன் சில்லுக்கு வந்து ரயர் வீதியோடு ஒட்டும். அதன்பிறகு உறுதியாக இறுக்கினாலும் அது தாங்கும். கிரவலில் மட்டும் அரைவாசி அழுத்தம், பின் பிறேக்கின் துணையோடு, சைக்கிள் நேராக இருக்கும்போது. வளைவுக்குள் போய்ப் பிடிக்கக்கூடாது. வளைவுக்கு முன்னமே பிடித்து முடிக்க வேண்டும்.

பல மாதம் அப்படி ஓடினேன். ஒருமுறை எனக்கு முன்னால் போன பஸ் ஆளைக் கண்டு சடாரென்று நின்றது. நானும் நின்றேன், ஒரு முழம் மிச்சம் வைத்து. எனக்கு என்மேலே பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"எப்பவும் நிக்காது. ஒருநாளைக்கு உன்னைக் கொண்டுபோய்க் குத்தும்" என்றார் இவர்.

பற்றையிலிருந்து வீட்டுக்கு

அந்த ஒருநாள்தான் ஆயுத பூசைக்கு அடுத்த நாள்.

நான் சைக்கிளை உருட்டி, பின் பிறேக்கில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது இவர் முற்றத்தில் நின்றார். கையில் இரத்தத்தைக் கண்டதும் ஓடிவந்தார். காயத்தைக் கழுவினார். மருந்து போட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு வாய் திறந்தார்.

"பாத்தியோ? முன் பிறேக்கை நம்பினால் இப்பிடித்தான். நான் எத்தினை தரம் சொன்னனான்? நாளைக்கே டொக்டரிட்டச் சொல்லு, உள்ளுக்கு இருக்கிறன் எண்டு."

எனக்குள் ஒரு கணக்குச் சரிவரவில்லை. பிடி தளர்ந்திருந்தால் ஒயில் பிரச்சினை என்பேன். பிடி இறுகியது. அப்படியென்றால் பாட் போய் டிஸ்க்கை அமர்த்தியிருக்கிறது. அமர்த்தியும் பிடிக்கவில்லை. ஏன்?

முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். டிஸ்க் கண்ணாடிபோல் மினுங்கியது. விரலை வைத்தேன், வழுக்கியது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனேன்.

வெந்தயம். கறிவேப்பிலை. நான் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சிப் போத்தலில் வைத்திருக்கும் என் தலை எண்ணெய். என் தலைமயிர் மணம் என் பிறேக்கில் மணந்தது.

முதல்நாள் பின்னேரம் நான் மோதகம் அவித்துக்கொண்டிருந்தபோது சைக்கிளைக் கழுவித் துடைத்து மாலை போட்டவர் இவர்தான். மண்வெட்டிக்கும் கத்திக்கும் துருப் பிடிக்காமல் எண்ணெய் பூசி வைக்கிற கை. இரும்பைக் கண்டால் அதற்கு வேறு என்ன தெரியும்? அதிலும் சாதாரண எண்ணெய் போதாது என்று குளியலறையில் இருந்த நல்ல எண்ணெயைத் தேடி எடுத்திருக்கிறார்.

என் பிழையும் இருக்கிறது. வாசல் படலை தாண்ட முன்னம் இரண்டு பிறேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு மாலையின் அழகைப் பார்த்துக்கொண்டு அதை மறந்துபோனேன்.

விரலை நீட்டினேன். "இஞ்சருங்கோ. மணந்து பாருங்கோ."

மணந்தார். முகம் மாறியது. என் தலையைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், என் முழங்கைக் கட்டைப் பார்த்தார்.

"மினுங்கட்டும் எண்டு..." என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, உண்மை. கத்துவதற்கு வாயும் திறந்தது. ஆனால் சேற்றுக்குள் கால் ஊன்றி ஊன்றி என்னைக் கொண்டுபோன மனிதர் அங்கே கூனிக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனேன்.

கந்தோரில்

கண்ணாடி உடைந்ததால் சொல்லாமல் விடவும் முடியாது. மறுநாள் நான் வெளிக்கிட, இவரும் சேட்டைப் போட்டார்.

"நானும் வாறன்."

சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது, கையோடு என்னைக் கதிரையில் இருத்திவிட்டு வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வைத்தியர் என் கையைப் பார்த்தா. "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று தொடங்கினா.

"டொக்டர்," என்றார் இவர். அறைக்குள் இன்னும் மூன்று உத்தியோகத்தர் இருந்தார்கள். "பிழை அவவின்ர இல்லை. அவ ஒழுங்காத்தான் ஓடுறவா. நான்தான் பூசைக்கு டிஸ்க்குக்கு எண்ணெய் பூசினனான். தெரியாமல் பூசினனான். அண்டைக்குச் சாமத்தியச் சடங்கில உங்களிட்ட ஒண்டு கேட்டனான். அதையும் மறந்துபோங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி அவர் சொல்லவில்லை.

வைத்தியர் என்னிடம் திரும்பினா.

"பாட்டை மாத்திப்போட்டு வாங்கோ. நாளைக்கு உடையார்கட்டில ரெண்டு மாடு சினை பாக்க நிக்குது."

பின் தட்டு

எண்ணெய் குடித்த பாட்டைக் கழுவியும் பயனில்லை, எரித்தும் பயனில்லை. எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான் வழி. டிஸ்க்கை மட்டும் நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். கந்தோரிலிருந்து நேரே கணேசனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதே நடு வகைப் பாட்டை எடுத்துவைத்தான்.

இவர் கடை வாசலில் நின்று தொங்கும் கேபிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணேசன் கண்டுவிட்டான். பழக்கத்தில் எழும்பிக் கேபிளுக்குக் கையை நீட்டினான்.

"அண்ணே, கிளச் கேபிள்தானே?"

"இல்லை."

கணேசனின் கை நின்றது.

"முன் பிறேக்குக்கு," என்றார் இவர். சத்தம் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது. "என்ர சைக்கிளுக்கு."

"அது பழைய மொடலுண்ணே. பின் தட்டுலதான் தேடணும். நேரம் எடுக்குமே."

"தேடு. நான் இருக்கிறன்."

பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொன்றையும் இழுத்து வைத்தார். நான் போய் அதில் இருந்தேன்.